வெள்ளத்தில் இறங்கிய ராஜகுமாரி

ராகேலின் குரல் கனமானது. ஃபோனில் அவளை ‘சார்’ என்று அழைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டவர்கள் ஏராளம். குழித்துறையில் வீடு, களியக்காவிளைத் துணிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் வேலை. சபையின் பாடகர் குழுவில் ஆண்கள் குறையும் வாரங்களில் அவளை அந்தப் பக்கம் நிறுத்திவிடுவார்கள்.

அதே சபையைச் சேர்ந்த ஜாஸ்பர், ஊரில் சிறிய ஒலிப்பதிவுக்கூடம் நடத்துகிறார். சென்ற ஆண்டு ஒரு வெளிநாட்டுக் குழந்தைகள் படத்துக்குத் தமிழ்க் குரல் கொடுக்கும் வேலை சென்னை நிறுவனம் ஒன்றிடமிருந்து அவருக்கு வந்தது. ராஜகுமாரிக்குக் கல்லூரி மாணவி பிரீனா. சூனியக்காரிக்கு ராகேல்.

“எனக்க தொண்டைக்கு வேற என்ன கிடைக்கும்?” என்று கணவன் எபிசனிடம் சொல்லிச் சிரித்தாள். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது.

படத்தில் ஒரு காட்சி. பாலம் உடைந்து தம்பி வெள்ளத்தில் விழுகிறான். ராஜகுமாரி இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைக் கரையில் நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டு ஆற்றில் குதிக்கிறாள். பிரீனா எத்தனை தடவை பேசியும் அந்த இடம் சரியாக வரவில்லை.

“பிள்ளே, கெஞ்சுகது மாதிரி இருக்கு. அவ அங்க உத்தரவு போடுகா,” என்றார் ஜாஸ்பர்.

பிரீனாவின் கண் கலங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராகேலுக்குப் பொறுக்கவில்லை. “ஏட்டி, அவளுக்க தோளப் பாரு. எவ்வளவு பாரம் இழுக்கா! வயித்துல இருந்து பேசு.”

“எக்கா, நீங்க ஒருக்கா பேசிக் காட்டுங்க.”

ராகேல் மைக் முன்னால் போய் நின்றாள். முன்னாலிருந்த நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். “கயிற்றை விடாதே! இதோ வந்துவிட்டேன்!” அறை அதிர்ந்தது.

ஜாஸ்பர் அதைப் படத்தோடு சேர்த்து ஓட்டினார். திரையில் அந்த மெலிந்த பெண்ணுக்கு அந்தக் குரல் அப்படியே பொருந்தியது.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா ராஜகுமாரிக்கு இப்படிக் கட்டக்குரலா? சென்னைல ஒத்துக்கிடுவாங்களா?” என்று தயங்கினார் ஜாஸ்பர்.

“சார், எனக்க குரல்ல கத்தினா அந்த வெள்ளத்துல யாருக்குக் கேக்கும்?” என்றாள் பிரீனா. “எக்காவே பேசட்டும். நான் சூனியக்காரி பேசுகேன்.”

விளையாட்டாகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தார்கள். பிரீனா தேன் ஒழுகும் குரலில் ராஜகுமாரியை விஷப்பழம் தின்ன அழைத்ததும் ஜாஸ்பருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு குரல்களையும் பதிவு செய்து சென்னைக்கு அனுப்பினார். அப்படியே இருக்கட்டும் என்று பதில் வந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் படம் வெளியானது. எபிசனும் மகள் பெர்லினும் ராகேலுக்கு இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளக் காட்சியில் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி இருக்கைமேல் ஏறி நின்று, “இழு! இழு!” என்று கத்தினாள். தம்பி கரையேறிய பிறகு இளவரசன் குதிரையில் வந்து சேர, அரங்கமே சிரித்தது.

பெர்லின் மட்டும் அசரவில்லை. “எம்மா, நீ என்னைக் குளிக்கக் கூப்பிடுகது மாதிரியே இருக்கு!”

எபிசன் விழுந்து விழுந்து சிரித்தான். ராகேலுக்கும் சிரிப்பு வந்தது; கண்ணும் நிறைந்தது.

வெளியே பிரீனா காத்து நின்றாள். “எக்கா, எங்க தெருப் பிள்ளைகளோட வந்தேன். அந்தச் சூனியக்காரி நான்தான்னு சொன்னதும் ஒண்ணுகூட எனக்க பக்கத்துல வரமாட்டேங்குது!” என்றாள், பெருமை தாங்காமல்.