நான் அப்போஸ்தலன் என்று சொன்ன மாலை

போன வாரம் கம்பெனி விழாவில் பேசச் சொல்லி என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அதன் பஞ்சில் யார் யாரோ பேசிவிட்டுப் போன வாய்வாசனை, நடுவே கொஞ்சம் கிராம்பு. அவ்வளவுதான், சத்தியவேட்டுக் கூட்டம் நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வேலூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த எங்களுக்குச் சத்தியவேட்டில் ஒரு தகரக் கொட்டகைதான் சபை. பாஸ்டர் ஞானமணி ஐயா தமிழில் ஜெபிப்பார். யாருக்காவது காய்ச்சலென்றால் ஜெபத்தோடு அவர் வீட்டு ரசமும் வரும். எனக்குத் தெலுங்கு தண்ணீர்பட்ட பாடு என்று நானே கிளப்பிவிட்டிருந்தேன். திருப்பதியிலிருந்து ஒரு பெரிய ஊழியக்காரர் வந்தபோது, மொழிபெயர்க்க என்னை மேடையேற்றிவிட்டார்கள். இருவருக்கும் ஒரே மைக், அவர் வாயில் எப்போதும் கிராம்பு. அவர் கை தூக்கினால் நானும் தூக்க வேண்டும், கத்தினால் நானும் கத்த வேண்டும். கோழிக்குஞ்சு கர்ஜிப்பதை நினைத்துப் பாருங்கள்.

“நேனு அபொஸ்தலுண்ணி!” என்றார்.

“நான் அப்போஸ்தலன்!” என்று கீச்சிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எல்லாச் சபைகளும் இனித் தமக்குக் கீழே வரவேண்டும் என்று அவர் சொன்னதையும் சொன்னேன்.

ஐயா எழுந்தார். “அந்தப் பன்னெண்டு பேரும் உயிர்த்தெழுந்தவரைக் கண்ணால பாத்தவங்க. அவங்களோட அது முடிஞ்சிபோச்சி. இவரு எங்க பாத்தாருன்னு கேளும்மா.”

கேட்டேன். வந்த பதிலையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. “சந்தேகப்படுறவங்க அவரோடயே இருங்க. அற்புதம் வேணுங்கிறவங்க என் பக்கம் வாங்க.”

முதலில் எழுந்து போனவர் என் நைனா. தம்பிக்கு வலிப்பு, எந்த மருந்துக்கும் அடங்கவில்லை.

“ஐயா ஜெபத்துல ஒண்ணும் ஆவலியேம்மா. இவருக்கு அதிகாரம் கீதுன்றாங்க,” என்றார் வீட்டுக்கு வரும்போது. அவர் குரலில் அப்படியொரு நம்பிக்கையை நான் கேட்டதேயில்லை. மற்றக் குடும்பங்களும் ஒவ்வொன்றாகப் போயின.

தம்பிக்கு வலிப்பு நிற்கவில்லை. எங்கள் விசுவாசம் போதவில்லை என்று திருப்பதியில் சொன்னார்களாம். சில வருஷத்தில் ஐயா இறந்துபோனார்.

“ஒரு எட்டு போயிட்டு வரலாம் நைனா.”

“அப்போஸ்தலரு போவக்கூடாதுன்னுட்டாரும்மா.” சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் மட்டும் போனேன். ஐயாவின் பெட்டியைச் சுமந்தவர்கள் சபையார் அல்ல, கொட்டகைக்குப் பக்கத்து நிலத்து விவசாயிகள்.

இப்போது கொட்டகை இருந்த இடத்தில் பைக் ஸ்டாண்டு. நைனா ஞாயிறுதோறும் திருப்பதிக்கு பஸ் ஏறுகிறார். தெலுங்கு தெரியாத அவருக்கு அங்கே யாரும் தமிழில் சொல்வதில்லை. பக்கத்திலிருப்பவர் ஆமென் என்றால் இவரும் ஆமென் என்கிறாராம். வீட்டில் தம்பிக்கு வலிப்பு வந்தால் பிடித்துக்கொள்கிறோம். முன்பெல்லாம் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து நைனா வாய்விட்டு ஜெபிப்பார். இப்போது அதுவும் இல்லை.