குசினியைக் கண்டதாகச் சொல்லவேண்டாம்

மெல்பேர்ணுக்கு வந்த புதிதில் எனக்கு விளங்காத காட்சிகளில் ஒன்று, காரின் பின்புறத்தில் கட்டப்பட்டுப் போகும் சைக்கிள். ஞாயிறு காலையில் ஒரு குடும்பம் நாலைந்து சைக்கிள்களைக் காரில் ஏற்றி, ஆற்றங்கரைவரை கொண்டுபோய் இறக்கி, ஓடி, வியர்த்து, மறுபடி ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும். நான் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் வளர்ந்தவள். எங்களிடம் சைக்கிள்தான் எல்லாவற்றையும் சுமந்தது: விறகு, தண்ணீர்க் குடம், பிரசவ வலி கண்ட பக்கத்து வீட்டு அக்கா, தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது அம்மாவின் தையல் மெசின். அந்தச் சைக்கிளை இன்னொன்று சுமக்கும் என்று எங்களில் யாரும் நினைத்திருக்க மாட்டோம். ஆனால் சில வருடங்களில் நானும் பழகிவிட்டேன். 2013 ஜூனில் விமானமேறி பிரான்சுக்குப் போய், அங்கே ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து, கிராமம் கிராமமாக ஓடித் திரிந்துவிட்டு வந்தேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் வேறொன்றுதான் வருகிறது.

என்னோடு வந்தவர் ஹெலன். அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை, ஓய்வுபெறும் வயதை நெருங்கும் மெல்பேர்ண்காரி. நாங்கள் இருவரும் மென்பொருளில் பிழை தேடும் வேலை செய்பவர்கள்; பட்டியல் போடாமல் எங்களுக்குப் பயணம் தொடங்காது. பூர்கோஞ் என்ற பிரதேசத்தில், ஒரு பழைய கால்வாயின் கரையோரமாக எங்கள் பாதை. முற்காலத்தில் படகுகளைக் குதிரைகள் இழுத்துப்போன பாதையாம், அதனால் ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. இருபுறமும் நெட்டை மரங்கள், வெள்ளை மாடுகள், தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கும் மதகுகள், ஒவ்வொரு மதகின் அருகிலும் ரோசாச் செடிகளோடு ஒரு காவலாளி வீடு. கால்வாயை விட்டு விலகினால் கல்வீடுகள் நெருங்கிய கிராமங்கள். தேவாலயம், கூரை போட்ட பழைய சலவைத் தொட்டி, மதிற்சுவரின் மிச்சம். எந்தச் சின்ன ஊரிலும் தேவாலயத்தின் அருகே ஒரு கல் இருந்தது, போரில் இறந்த அந்த ஊர்ப் பிள்ளைகளின் பெயர்களோடு. சில கற்களில் ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வந்தது. ஹெலன் ரோசாக்களைப் படமெடுக்கும்போது நான் அந்தப் பெயர்களை வாசித்துக்கொண்டு நிற்பேன். எங்கள் பக்கத்தில் அப்படிப் பெயர் பொறித்த கற்களை இராணுவம் இடித்துத் தள்ளிய இடங்களில் இப்போது என்ன இருக்கிறது என்று இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஓரிரு நாட்களில் நான் சந்தோசமாக இருக்கிறேன் என்பதைக் கவனித்தேன். கவனித்த உடனே அதற்குரிய குற்ற உணர்வுகள் வரிசைக்கு வந்தன. என் வகுப்பில் படித்தவர்களில் எத்தனை பேர் இல்லை. அம்மா இன்னும் கிணற்றில் அள்ளுகிறார். மெல்பேர்ணில் என் வீட்டிலிருந்து ரயிலில் அரைமணி நேரத் தூரத்தில், நோபல் பார்க்கில், படகில் அகதிகளாக வந்த பெடியள் வேலை செய்ய அனுமதியில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானோ காற்றுக்கு முகம் கொடுத்து, ஒரு காரணமும் இல்லாமல் சைக்கிள் ஓடுகிறேன்.

அப்படி ஒரு மதியம், ஒரு கிராமத்து உணவகத்தில் சாப்பிடப் போனோம். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. மனிதர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். உணவகத்தின் முதலாளி உயர்ந்த, சிவந்த மனிதர். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். நான் பாடமாக்கி வைத்திருந்தபடி "ஒஸ்த்ராலி" என்றேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். என் முகத்தைச் சுட்டிக்காட்டிச் சிரித்தபடி, "தமூல்?" என்றார். அன்றைய விசேட உணவின் பெயராக்கும் என்று நினைத்து, "நோன், மெர்சி" என்றேன். வேண்டாம், நன்றி. ஹெலனும் தன் பங்குக்கு "நோன், மெர்சி" என்றார். முதலாளி குழம்பிப்போய் உள்ளே போனார். திரும்பி வரும்போது, ஈரமான ஏப்ரன் கட்டிய ஒரு மனிதரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "தமூல்!" என்று முதலில் அவரைக் காட்டினார், பிறகு என்னைக் காட்டினார். எதை வேண்டாம் என்று சொன்னேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

"தமிழோ?" என்றார் அந்த மனிதர்.

"ஓம் அண்ணை."

"எவடம்?"

சொன்னேன். அவரும் தன் ஊரைச் சொன்னார். மூன்றாவது கேள்வியிலேயே இருவருக்கும் தெரிந்த ஒரு கணக்கு வாத்தியார் அகப்பட்டுவிட்டார். பிறகு அவர் மதிலில் சாய்த்திருந்த சைக்கிளையும் சேறு படிந்த என் சப்பாத்தையும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தங்கச்சி, பயப்பிடாமச் சொல்லுங்கோ. விசா இல்லையோ?"

"இருக்கு அண்ணை."

"பிறகேன் சைக்கிளில திரியிறியள்? இந்த மனிசி ஆர்? உங்களை வேலைக்கு வைச்சிருக்கிறாவோ?"

"ஐயோ இல்லை. என்னோட வேலை செய்யிறவா. லீவில வந்தனாங்கள். காசு குடுத்துத்தான் ஓடுறம்."

"சைக்கிள் ஓடுறதுக்கோ? ஆருக்குக் குடுக்கிறியள்?"

ஹெலன், என்ன கேட்கிறார் என்று என்னைக் கேட்டார். பாதையைப் பற்றிக் கேட்கிறார் என்றேன்.

யோகண்ணை என்று நான் கூப்பிடத் தொடங்கிய அந்த மனிதர் எங்களுக்காக உள்ளே போய், வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு முட்டை பொரித்துக்கொண்டு வந்தார். மிளகாய், குசினி யன்னலில் அவர் சாடியில் வளர்ப்பது. முதலாளியே கதிரையை இழுத்துப் போட்டும் அவர் இருக்கவில்லை, நின்றபடியே கதைத்தார். "இஞ்ச வந்து எனக்கு முதல் விளங்கின பிரெஞ்சுச் சொல்லு என்ன தெரியுமோ? குசினி. 'கியுசின், கியுசின்' எண்டு ஒருத்தன் அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினான். அட, எங்கட சொல்லெல்லோ எண்டு உள்ள போனன். இன்னும் வெளியால வரேல்லை." சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார். இருபது வயதில் வந்தவர். அகதி விண்ணப்பத்தை இரண்டு தடவை நிராகரித்து, பிறகுதான் ஏற்றுக்கொண்டார்களாம். அதற்குள் கோப்பை கழுவுவது நிரந்தர வேலையாகிவிட்டது. தங்குவது உணவகத்தின் மேல்மாடி அறையில். ஊருக்குப் போகமுடியாத பயணப் பத்திரம். தாயின் செத்தவீட்டை ஒருவர் அனுப்பிய வீடியோவில் பார்த்தார்.

நாங்கள் புறப்படும்போது ஹெலன் ஒரு படம் எடுத்தார். குசினி வாசலில் யோகண்ணை, அவருடைய தோளில் கைபோட்டபடி முதலாளி. பிறகு யோகண்ணை என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தெருவரை வந்தார்.

"தங்கச்சி, என்ர தம்பி மெல்பேர்ணிலதான். படகில வந்தவன். நோபல் பார்க் எண்ட இடமாம். நான் வெளிக்கிடேக்க அவனுக்கு ஆறு வயசு. இப்ப என்னோட கதைக்கிறான் இல்லை. தன்னைக் கூப்பிடேல்லை எண்டு கோவம். ஒருக்காப் போய்ப் பாக்கிறியளோ?"

பார்க்கிறேன் என்றேன். என் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டு, தன்னுடையதையும் தம்பியுடையதையும் எழுதித் தந்தார்.

"என்னைக் கண்டதெண்டு சொல்லுங்கோ. குசினியைக் கண்டதெண்டு சொல்லாதேங்கோ. அம்மாவுக்கு நான் சொந்தமாக் கடை வைச்சிருக்கிறன் எண்டுதான் சொன்னனான். அவ அந்தச் சந்தோசத்தோடதான் போனவ."

மிச்சத் தூரம் முழுக்க ரோசாக்கள் பூத்துத்தான் இருந்தன. நான் முன் சில்லைப் பார்த்துக்கொண்டு ஓடினேன்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோபல் பார்க்குக்குப் போனேன். ஐந்து பெடியள் சேர்ந்து இருக்கும் வீடு. சப்பாத்துகள் வாசலில், ஒரேயொரு ஹீட்டர் நடுவில். நான் வரும் காரணத்தைத் தொலைபேசியில் சொல்லியிருந்ததால், "கடைக்காரரின்ர ஆள் வந்திட்டா" என்று சொல்லித்தான் சீலன் கதவைத் திறந்தான். தமையனின் நெற்றி அவனுக்கு. தேநீர் வந்தது. எங்கே சந்தித்தேன், எப்படிப் போனேன் என்று சொன்னபோது, மூலையிலிருந்த ஒருவன், "நாங்கள் பஸ்ஸுக்குக் காசில்லாம சைக்கிள் ஓடுறம், அக்கா சைக்கிளுக்குக் காசு குடுத்து ஓடுறா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"படம் எடுத்தனீங்களோ?" என்றான் சீலன்.

படத்தைக் காட்டினால் பொய்யும் சொல்லத் தேவையில்லை, வாக்கும் தவறாது என்று என் மூளை கணக்குப் போட்டது. ஏப்ரனைக் கண்டால் அவனே விளங்கிக்கொள்வான். கைபேசியை நீட்டினேன். அவன் விரல்களால் தமையனின் முகத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தான். நரைத்துவிட்டதே என்று மெல்லச் சொன்னான். பிறகு படத்தை நகர்த்தி, தோளில் கிடந்த கையின் வழியே முதலாளியின் முகத்துக்குப் போனான்.

"இந்த வெள்ளை ஆர்? கடைக்காரரிட்ட வேலை செய்யிறவனோ?"

மென்பொருளில் இப்படி ஒரு கேள்வி வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பதிலும் எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்ப்பேன். அன்று பார்க்கவில்லை. "ஓம்" என்றேன்.

சீலன் கைபேசியைத் திருப்பித் தந்தான். "வெள்ளைக்காரனை வைச்சு வேலை வாங்கிறார். என்னை ஒரு கோப்பை கழுவக்கூடக் கூப்பிடேல்லை. அம்மா சாகேக்கையும் 'அண்ணை உன்னை அங்க எடுப்பான், அண்ணை எடுப்பான்' எண்டுதான் சொன்னவ. அந்தாளிட்டச் சொல்லுங்கோ அக்கா, தம்பி எண்டு ஒருத்தன் கடலில செத்துப்போனான் எண்டு."

அந்தக் கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. யோகண்ணையிடமிருந்து இரண்டு தடவை அழைப்பு வந்தது, எடுக்கவில்லை. ஒரு மனிதரின் மானத்தைக் காக்கப் போய் அவருடைய தம்பியைப் பறித்துவிட்டேன். அடுத்த ஞாயிறு பின்னேரம் மறுபடி போனேன். மற்றவர்கள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். சீலனை மேசைக்கு எதிரே இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன்: மேல்மாடி அறை, இரண்டு நிராகரிப்பு, சகோதரனை நாட்டுக்குள் எடுக்க அங்கே சட்டமில்லை என்பது, தோளில் கிடந்த கை யாருடையது என்பது.

அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு சிரித்தான். "நல்லாச் சொல்லித் தந்திருக்கிறார் என்ன? காசு கேட்டிடுவன் எண்டு பயம். போன கிழமை ஓம் எண்டனீங்கள், இந்தக் கிழமை கோப்பை கழுவுறார் எண்டுறியள்."

"சீலன், நான் பொய் சொன்னது போன கிழமைதான்."

"ரெண்டு கிழமையிலும் நீங்கள்தானே அக்கா கதைக்கிறது."

வேறு வழி தெரியவில்லை. கைபேசியை மேசையில் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, யோகண்ணையை அழைத்தேன். இங்கே இருட்டத் தொடங்கியிருந்தது. அங்கே ஞாயிறு காலை. அவர் எடுத்ததும், "அண்ணை, சீலன் பக்கத்தில இருக்கிறான். நீங்களே சொல்லுங்கோ" என்றேன்.

அங்கே தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "சீலன்... டேய், சாப்பிட்டியோடா?"

சீலன், "கடை உங்கடையோ?" என்று கேட்டான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஓமடா. என்ர கடைதான். இண்டைக்கு ஞாயிறு, நல்ல சனம் வரும். உனக்கு என்ன வேணுமெண்டாலும் கேள்."

"ஒண்டும் வேண்டாம்."

"சரியடா. பிறகு எடுக்கிறன். அண்ணைக்குக் கொஞ்சம் வேலை."

சீலன் என்னைப் பார்த்தான். பார்த்தீர்களா என்பதுபோல. ஆனால் அழைப்பு அறுபடவில்லை. ஈரக் கையால் சரியாக அழுத்தாமல் அவர் கைபேசியை எங்கோ வைத்திருக்க வேண்டும். தண்ணீர் திறபட்டது. கோப்பைகள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கப்படும் சத்தம். தூரத்தில் முதலாளியின் குரல், நான் கேட்டிராத கடுமையோடு: "யோ! வீத், வீத்!" கெதியாக, கெதியாக. "உய், மெசியு." ஓம், ஐயா. எதுவோ விழுந்து உடைந்தது. முதலாளி நீளமாக எதையோ சொல்லிக்கொண்டே போனார். அந்த நீளத்தின் இடையிடையே யோகண்ணை மன்னிப்புக் கேட்கும் குரல், "உய், மெசியு... பார்தோன், மெசியு... உய், மெசியு."

சீலனுக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் தடுப்பு முகாமில் வரிசையில் நின்று, பெயருக்குப் பதிலாகப் படகு இலக்கத்தைச் சொல்லி வந்தவன் அவன். அந்தக் குரலை அவனுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. நான் அழைப்பை நிறுத்தக் கையை நீட்டினேன்.

"கிடக்கட்டும் அக்கா."

கோப்பைகளின் சத்தம் ஓய்ந்து, தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. சீலன் கைபேசியைப் பார்த்தபடியே கேட்டான்.

"அங்க மழையோ அக்கா?"

"ஓம்" என்றேன். "நல்ல மழை."

"அப்ப கடைக்குச் சனம் வராது. பாவம் அண்ணை."

வெளியே நோபல் பார்க்கின் வானம் துடைத்தாற்போல் கிடந்தது. நினைத்தால் நாளைக்கே விமானமேறி அந்த வாசலில் போய் நிற்கக்கூடியவள் மேசையின் இந்தப் பக்கம். அங்கே போய் நிற்கவேண்டியவன் அந்தப் பக்கம். இருவரும் வெளிச்சம் போட எழும்பாமல், கைபேசியை நடுவில் வைத்து, அந்த மழையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.