ஒருநாள் இருப்பு

கொதிநீர் ஆவியோடு சவர்க்காரமும் ஆறிய கோப்பியும் கலந்து எழும் மணம், எந்தச் சமையலறைக் கதவிடுக்கால் வந்தாலும் இன்றைக்கும் என் கால் நின்றுவிடும். எண்பதுகளில் சுவிஸின் பேர்ண் நகரத்து வங்கி ஒன்றின் மேல்மாடி உணவகத்தில் தட்டுக் கழுவினேன்.

மாதத்தின் கடைசி நாளில் மட்டும் வங்கிக்காரர் சாப்பிடப் பிந்தி வருவார்கள். வந்தாலும் பாதியில் எழுந்து தொலைபேசிக்கு ஓடுவார்கள். இத்தாலியச் சமையற்காரன்தான் விளக்கினான். ஒவ்வொரு வங்கியும் கையிருப்பாகக் குறிப்பிட்டளவு காசைத் தேசிய வங்கியில் வைத்திருக்க வேண்டுமாம். கணக்குப் பார்ப்பதோ அந்த ஒரு நாளில்தானாம். அன்றைக்கு எல்லோரும் எல்லோரிடமும் கடன் கேட்பார்கள், வட்டி எகிறும், மறுநாள் எல்லாம் கலைந்துபோகும். இன்றைக்குக் காட்டினால் போதும் என்று கண்ணடித்தான்.

சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம்.

பேர்ணின் புறநகரான பூம்ப்ளிஸில், இலங்கையிலிருந்து தப்பி வந்த எட்டுப்பேர் ஒரே வீட்டில் இருந்தோம். எங்களுக்கும் ஒரு சேமக்காசு இருந்தது. சம்பளத்தன்று ஆளுக்குக் கொஞ்சம். ஊரில் ஆருடைய உயிருக்காவது ஆபத்தென்றால் எடுப்பதற்கு. கழுவுவது தட்டென்றாலும் வங்கியில் அல்லவா வேலை, பொறுப்பாளன் நானானேன். எங்களில் மூத்தவர் தனி வீடு எடுக்கப் போனபோது, மாதக் கடைசியில் கணக்கில் எவ்வளவு இருக்கிறதென்று காட்டச் சொன்னான் வீட்டுக்காரன். வித்தையை நானே சொல்லிக்கொடுத்தேன்.

"சேமக்காசை உங்கட கணக்கில போடுங்கோ. காட்டிப்போட்டு எடுங்கோ. ஒரு நாள் அலுவல்தானே."

"பாங்க் மனேஜர் சொன்னா மறுப்பிருக்கோ!" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம்.

அந்தக் கடைசி நாள் வெள்ளிக்கிழமையாக விழுந்தது. பின்னேரம் உணவகத்தின் பின்கதவில் மூச்சு வாங்க வந்து நின்றான், என் மேற்கட்டிலில் படுப்பவன். அவனுடைய தம்பி கொழும்பில் ஒரு லொட்ஜில் ஒளிந்திருந்தான்.

"அண்ணை, ஏஜென்சிக்காரன் நாளைக்கு வெளிநாட்டுக்கு ஆக்களை ஏத்திறானாம். சூரிச்சில அவன்ர ஆளிட்ட இண்டைக்குள்ள காசு குடுக்கவேணும். சேமக்காசைத் தாங்கோ."

மூத்தவருக்குப் போன் எடுத்தேன்.

"இப்ப எடுத்தா வீடு போயிடும், ஐசே. திங்கள் காலமை முதல் வேலையாக் கொண்டந்து தாறன்."

வங்கி மூட இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. எடுங்கோ என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் எடுத்திருப்பார். என் கெட்டித்தனம் முதல் தடவையே பிழையாகிப்போகக் கூடாதென்ற வீம்பு எனக்கு.

"ரெண்டு நாள்தானே," என்றேன் வாசலில் நின்றவனிடம். "அடுத்த தொகுதியோட அனுப்புவம்."

"அடுத்த தொகுதி எப்ப, அண்ணை?"

கையைத் துடைத்தேன். ஏற்கெனவே காய்ந்திருந்த கையை.

திங்கட்கிழமை காசு வந்தது, ஒரு பிராங்கும் குறையாமல். செவ்வாய்க்கிழமை ஆமிக்காரர் லொட்ஜைச் சுற்றிவளைத்தார்கள். அவன் தம்பியை ஏற்றிய ஜீப் எந்த முகாமுக்குப் போனதென்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. மூத்தவர் புதுவீட்டில் பால்காய்ச்சினார். போனேன். குடித்தேன். தொண்டைக்குள் இறங்கத்தான் செய்தது.

பிறகு வங்கிகளுக்கான விதியை மாற்றினார்கள். கடைசி நாளில் காட்டினால் போதாது, மாதம் முழுவதற்குமான சராசரி வேண்டும் என்று. வங்கிகளுக்கு, வறண்ட நாளில் கைகொடுக்க மேலே ஒரு வங்கி. விதி பிழையென்றால் திருத்தக் கோட்டுப் போட்ட ஆட்கள். எங்கள் எட்டுப்பேருக்கு அப்படி இருந்தது என் ஒரு நாக்கு. எடுங்கோ என்று சொல்ல அதையும் நான் திருப்பவில்லை.

வதிவிட அனுமதி கிடைத்ததும் மேற்கட்டில்காரன் லோசான் நகரத்துக்குப் புறப்பட்டான். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. பேர்ண் ஸ்டேஷனில் பெட்டியைத் தூக்க என்னை விடவில்லை. ரயில் வந்து நின்றது. சேமக்காசில் அவன் கட்டிவந்த பங்கை உறையில் போட்டு நீட்டினேன். உறையைப் பார்த்தான். பிறகு என்னை.

"வைச்சிருங்கோ, அண்ணை. இன்னும் ஆரும் வீடு எடுக்கேக்க காட்ட உதவும்."