சந்தியில் உடைத்த தேங்காய்

மாமா கார் வாங்கியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். தேங்காய்தான் காரணம் என்பது அப்பாவின் கட்சி. உண்மையான காரணம் என் வாய். அதை இருவருமே பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஆக்லாந்தில், ஒடாஹுஹுவில், ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. மாமா அம்மாவின் தம்பி. எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு அடுத்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தவர். பென்ரோஸில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு அதிகாலை வேலை. அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது என்பதால், இரண்டு மூன்று பேர் ஓட்டிக் களைத்த ஒரு ஜப்பான் காரை வாங்கினார். கையில் இருந்தது தற்காலிக விசா. நிரந்தரமாக இருக்கக் கேட்கும் விண்ணப்பத்தை அடுத்த வெள்ளிக்கிழமை கொடுப்பதாக ஏற்பாடு.

கார் வந்தால் கண்ணூறு, அதாவது திருஷ்டி, கழிக்க வேண்டும். அப்போது இந்த ஊரில் கோயில் இல்லை. ஆனால் பசிபிக் தீவுக்காரர்களின் புண்ணியத்தில் ஒடாஹுஹுக் கடைகளில் தேங்காய்க்குக் குறைவில்லை. கோயில் இல்லாவிட்டால் என்ன, நாலு தெருவும் சேரும் சந்தி போதும் என்று அம்மா தீர்மானித்தார். சனிக்கிழமை காலை, டயர்களுக்கடியில் தேசிக்காய் வைத்து, கற்பூரத்தோடு தேங்காயைக் காரைச் சுற்றி மூன்று தரம் காட்டினார். மாமா அதை வாங்கித் தெருவில் ஓங்கி அடித்தார். சந்தி முழுக்கச் சிதறியது.

நகரசபையின் கார் ஒன்று வந்து நின்றது. காக்கிச் சீருடைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கினார். நல்ல மனிதர்தான். சிதறியதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போங்கள், போதும் என்றார். மாமா உடனே குனிந்தார். பின்னாலிருந்து அம்மா பதறினார்.

"தொடாதை தம்பி. கழிச்சதை எடுத்தா எல்லாம் திரும்பி வீட்டுக்கு வரும்."

மாமாவின் கை பாதியில் நின்றுவிட்டது. அதிகாரி திரும்பவும் சொன்னார். ஊரில் வங்கியில் வேலை பார்த்தவர் மாமா. ஆங்கிலம் அப்பாவைவிட நன்றாக வரும். அன்று ஒரு சொல் வரவில்லை. நெற்றியெல்லாம் வியர்த்து, காக்கிச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பில் முந்திரிக்கொட்டை என்று பெயர் வாங்கியவள் நான். முன்னால் போய், இவர் எடுக்கமாட்டார் என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதிகாரியின் முகம் மாறியது. மாமாவின் லைசென்ஸை வாங்கி, பெயரைப் பார்த்து எழுதி, ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். தெருவில் குப்பை போட்டது குற்றம், அதற்கு அபராதம். அம்மா ஒரு துண்டைக்கூடத் தொடாமல் என்னை இழுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

வீட்டில் அந்தத் தாளையும் விண்ணப்பத்தையும் அப்பா மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. எந்த நாட்டிலாவது குற்றவாளி எனத் தீர்ப்பு உண்டா, வழக்கு எதுவும் நிலுவையில் உண்டா? இல்லை என்று மாமா எழுதி வைத்திருந்தார். அதை அழித்துவிட்டு உண்மையை எழுத வேண்டும், மறைத்தால் பிறகு அதுவே பெரிய குற்றமாகும் என்றார் அப்பா. எழுதினால் அடுத்த விமானத்திலேயே ஏற்றிவிடுவார்கள் என்றார் அம்மா. தேங்காய் என்னுடையது, நானே மறியலில் கம்பி எண்ணுகிறேன் என்றும் அழுதார்.

அடுத்த சில நாட்கள் மாமா காரைத் தொடவே இல்லை. விடியுமுன்னே எழும்பி வேலைக்கு நடந்தார். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்தார். செவ்வாய்க்கிழமை பார்த்தால், அலமாரிக்கு மேலே கிடந்த சூட்கேஸ் கட்டிலில் திறந்திருக்கிறது. உள்ளே இரண்டு சட்டைகளை இஸ்திரி போட்டு மடித்து வைத்துக்கொண்டிருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"வந்து கூப்பிட முதல் ஆயத்தமா இருக்கவேணும் பிள்ளை," என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த அதிகாரி இன்னொரு தரம் கேட்டிருப்பார். அம்மாவும் மனமிரங்கியிருப்பார். என்னால்தான் மாமாவை அனுப்பப் போகிறார்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாமல் தலையணைக்குள் அழுதேன்.

வியாழக்கிழமை அப்பா அரைநாள் லீவு எடுத்தார். கேட்டுவிடுவோம், வருவது வரட்டும் என்று எல்லோரையும் நகரசபை அலுவலகத்துக்குக் கிளப்பினார். மாமாவையே கார் ஓட்டச் சொன்னார். அம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தார். அப்பாவின் கோப்பில், மாமாவின் பள்ளிக்கூட அதிபர் கொடுத்த நற்சான்றிதழ் பத்திரமாக இருந்தது.

கவுண்டரில் இருந்த பெண் தாளைப் படித்தாள். எங்கள் நால்வரையும் பார்த்தாள். நற்சான்றிதழையும் மரியாதைக்குப் படித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: இதற்குத் தண்டம் கட்டினால் முடிந்தது. கட்டாமல் விட்டால்தான் நீதிமன்றம்வரை போகும். இது குற்றத் தீர்ப்பு இல்லை. பொலிஸ் பதிவுக்கும் போகாது. அந்தக் கேள்விக்கு இல்லை என்று எழுதுவது பொய் ஆகாது. அப்பா நம்பாமல் மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார். மூன்றுக்கும் அதே பதில். அப்படியானால் எழுதித் தாருங்கள் என்றார். அவள் சிரித்துக்கொண்டே ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள்.

அப்போதுதான் அங்கே மாமா முதன்முறையாக வாயைத் திறந்தார். தன் பெயர் ஏதாவது ஒரு பட்டியலில் இருக்குமா என்று ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார். இல்லை, குற்றவாளிகள் பட்டியல் எதிலும் உங்கள் பெயர் இருக்காது என்றாள் அவள். மாமா கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் விம்மி விம்மி அழுதார். அம்மா முந்தானையால் தன் முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்ல செய்திதானே சொன்னாள்? யோசித்து யோசித்துக் காரில் வரும்போது கண்டுபிடித்தேன். விளையாட்டுப் போட்டிக்கான பட்டியலில் ஆசிரியை என் பெயரை விட்டுவிட்ட நாளில் நானும் இப்படித்தான் அழுதேன். முன் இருக்கைக்கு எட்டி மாமாவின் தோளைத் தட்டினேன்.

"கவலைப்படாதேங்கோ மாமா. அடுத்த முறை கட்டாயம் உங்கட பேரை எழுதுவினம்."

மாமா காரை ஓரமாக நிறுத்தினார். யாரும் என்னை ஏசவில்லை. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊரில் இராணுவம் ஒரு நாள் பட்டியலோடு வீடு வீடாக வந்ததையும், அவர்கள் கூட்டிக்கொண்டு போன முதல் இரண்டு பெயர்க்காரர்கள் பிறகு வீடு திரும்பவே இல்லை என்பதையும், மூன்றாவதாக இருந்தது மாமாவின் பெயர் என்பதையும் எனக்குச் சொல்ல அம்மாவுக்கு மேலும் பதினொரு வருடங்கள் பிடித்தன.