என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய மதாம்

மூன்று வருடங்களுக்கு முந்தைய கோடை விடுமுறை. பிரான்சின் தெற்கே, மலையைப் பிளந்துகொண்டு ஓடும் ஓர் ஆற்றைப் பார்க்கப் போவதென்று பாரிசில், எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு தேநீர்க் கடையில் வைத்து முடிவெடுத்தோம். நான், என் கணவர், எங்கள் மகள். கூடவே என் கணவரோடு உணவகத்தில் சமைக்கும் அண்ணையும் அவர் மனைவியும்.

எனக்குத் தண்ணீர் என்றாலே பயம். அது எப்படிப்பட்ட ஆறு, எங்கே இறங்கலாம் என்று கேட்டேன்.

"நீர் பயப்பிடாதையும். முழங்காலளவு தண்ணிதான்" என்றார் கணவர்.

அதோடு ஆற்றைப் பற்றிய பேச்சு முடிந்தது. மிச்ச நேரமெல்லாம் எந்தக் கடையில் ஆட்டிறைச்சி வாங்குவது, யார் வீட்டுப் பெரிய சட்டியைக் கொண்டுபோவது என்பதுதான். போகிற இடத்தில் சுடச்சுடச் சமைக்காவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அது பயணமே இல்லை.

பள்ளத்தாக்கின் அடிக்கு இறங்கும் பாதையில் படம் போட்ட பலகை ஒன்று நின்றது. அதன் முன்னால் நின்று எல்லோருமாகப் படம் எடுத்தோம். பலகையை ஒருவரும் வாசிக்கவில்லை. கீழே இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு கீற்றாகத்தான் தெரிந்தது. கணுக்கால் நனையும் தண்ணீரைக் கடந்து, நடு ஆற்றில் இருந்த கற்திட்டில் காஸ் அடுப்பை மூட்டினோம்.

கறி கொதிக்கத் தொடங்கிய நேரம், மேலே பாதையில் ஒரு வயதான வெள்ளைக்கார மதாம் நின்று கையை வீசிக் கத்தினார். ஆற்று இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்கு அது பழகிப்போன காட்சி. நாங்கள் குடியிருக்கும் சார்செலில் கருவாடு பொரித்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரர் இப்படித்தான் கதவடியில் வந்து நிற்பார்.

"அடுப்பு மூட்டினதுக்குத்தான் பேசுறா. கெதியா நூருங்கோ" என்றார் அண்ணை.

கணவர் அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியை மறைத்தபடி நின்று, "பார்தோன், மதாம்" என்று கும்பிடாத குறையாகக் கையைக் காட்டினார்.

அவர் போகவில்லை. பாதையை விட்டு இறங்கி, தடுமாறித் தடுமாறித் தண்ணீரைக் கடந்து எங்களிடம் வந்தார். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. சட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கல் பொறுக்கிக்கொண்டிருந்த என் மகளைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே ஓடினார்.

எனக்குப் பிள்ளையைக் கொண்டுபோகிறாள் என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. "ஐயோ, என்ரை பிள்ளை" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். மற்றவர்கள் எனக்குப் பின்னால் ஓடிவந்தார்கள். வரும்போது கணுக்காலைத் தொட்ட தண்ணீர் இப்போது தொடையைப் பிடித்து இழுத்தது. தண்ணீருக்குப் பயந்தவள் நான், அதைக்கூடக் கரையேறிய பிறகுதான் உணர்ந்தேன். மகளைப் பறித்து அணைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் திட்டைக் காணவில்லை. எங்கள் சட்டி ஒருமுறை சுழன்று கறியோடு போனது.

ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் அணையைத் திறந்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரியான மதாமுக்கு அது தெரிந்திருந்தது. விளங்கப்படுத்த நேரம் இருக்கவில்லை, பிள்ளையைத் தூக்கினால் தாய் பின்னால் வருவாள் என்று நினைத்தேன் என்றார். அந்த மனுசியை வாயில் வந்தபடியெல்லாம் திட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன். நல்ல காலம், தமிழில்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டு நிற்கும் எங்கள் தலைகளுக்கு மேலே, பலகையில், பொங்கிவரும் தண்ணீருக்கு முன்னால் ஒரு மனிதன் ஓடிக்கொண்டிருந்தான்.

இப்போதும் யாராவது கதவைத் தட்டி உரத்துப் பேசினால் என் கை முதலில் அடுப்பைத்தான் தேடுகிறது. ஆனால் அதை அணைக்கும் முன் கதவைத் திறந்து, என்ன சொல்ல வந்தார்கள் என்று கேட்டுவிடுகிறேன்.