வலித்த ஒரு கட்டி

சிறு வயதிலிருந்தே எனக்கு உடம்பெல்லாம் கட்டிகள். நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற பரம்பரை நோய், பெரும்பாலும் ஆபத்தில்லை என்று சொல்லியிருந்தார்கள். அதனால் தொடையில் ஒரு கட்டி மட்டும் பெரிதாகி, கம்பெனி பஸ்ஸில் உட்காரவே முடியாமல் வலித்தபோதும், தைலம் தேய்த்துக்கொண்டு போச்சம்பள்ளிக்கு வேலைக்குப் போனேன். மூன்று மாதம் கழித்து என் கணவர்தான் வற்புறுத்தி ஓசூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார்.

“ஏம்மா, வலிச்ச உடனே வரலை?” என்று கேட்டார் அவர்.

“உடம்பு பூரா கட்டி சார். அதுல ஒண்ணு வலிக்குதுன்னு வரணுமா?”

“அந்த ஒண்ணுக்குத்தாம்மா வரணும்.”

பெங்களூரில் ஸ்கேனும் சதைப் பரிசோதனையும் செய்தார்கள். நரம்பு உறையில் அரிதாக வரும் புற்றுநோய். கால் போய்விடுமோ என்று அழுதேன். நல்லவேளையாக, வேறெங்கும் பரவியிருக்கவில்லை. கட்டியை முழுதாக அகற்றி, கதிர்வீச்சும் கொடுத்தார்கள். இப்போது காலைச் சற்றுத் தாங்கி நடந்தாலும் வேலைக்குப் போகிறேன். பரிசோதனைகளில் மறுபடி எதுவும் தெரியவில்லை.

என் மகளுக்கும் இந்த நோய் இருக்கிறது. முன்பெல்லாம் அவள், “இங்க வலிக்குதும்மா” என்றால், “நமக்கு அப்படித்தான் கண்ணு” என்பேன். இப்போது கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, “எது கண்ணு, காட்டு” என்கிறேன்.