தறியை விட்டு நகர்ந்த மாடுகள்

வற்றிய கிணற்றை ஆழப்படுத்தப் பணம் வேண்டியிருந்தது. கொழிஞ்சாம்பாறையில் மாட்டு வியாபாரம் செய்யும் ராவுத்தர் வட்டி வாங்கமாட்டார் என்பதால் ஒரு யோசனையோடு போனேன்.

“உங்க சோடி மாட்டைக் கூடுதல் விலைக்கு எனக்குக் கடனா வித்துருங்க. அறுவடைக்குத் தர்றேன். இப்பவே கம்மி விலைக்கு ரொக்கம் குடுத்துத் திருப்பி வாங்கிக்குங்க. மாடு கட்டுத்தறியை விட்டு அசையவே வேண்டாம்.”

ராவுத்தர் மறுத்துத் தலையை ஆட்டினார். “கடனுக்குக் கூடுதலா விலை பேசி விக்கிறது எங்க மார்க்கத்துல ஆகுமுங்க. வித்ததை நானே கம்மிக்கு வாங்குனா அது வட்டிதானுங்க. மாடு நெசமா வேணுமின்னா ஓட்டிட்டுப் போங்க.”

எனக்குக் கோபம். சந்தையில் விற்றுக்கொள்ளலாம் என்று கடன் விலைக்கே வாங்கி ஓட்டிவந்தேன்.

“இதுகளை ஏனுங்க விக்கோணும்?” என்றாள் மனைவி. “கெணத்து மண்ணை இழுக்க வாடகை மாட்டுக்குத்தான பாதிப் பணம்? வெட்டறவங்களுக்கு ஊட்டுல இருக்கற நெல்லை அளந்தாப் போச்சு.”

அப்படியே செய்தோம். தண்ணீர் வந்தது, அறுவடையில் கடன் அடைந்து மாடுகளும் எங்களுடையவை ஆயின. அதே மாடு, அதே விலை, தறியை விட்டு நகர்ந்ததும் எப்படி வியாபாரமானது என்று இன்னும் யோசிக்கிறேன்.

இப்போதெல்லாம் கடன் கேட்கப் புறப்படுமுன், அந்தப் பணத்தில் என்ன வாங்கப்போகிறேன் என்று மனைவியிடம் சொல்கிறேன். பல தடவை செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.